பெல்லிசர் ஓடை: ஏற்றம், வற்றம், ஒற்றைச் செருப்பு

நவம்பர் 27, புதன்: அவித்த கடலை

அட்லாண்டாவிலிருந்து ஃபிளாரிடாவில் இருக்கும் செயின்ட் அகஸ்டினுக்கு ஆறு மணி நேரம் என்று போன் சொன்னது. மறுநாள் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை என்பதால் ஊரே சாலையில் இருந்தது. ஒன்பதரை மணி நேரம் ஆனது.

அப்பா இந்தியாவிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. கோயில், மால், மறுபடி கோயில் என்று சுற்றிக் காட்டியதில் அவருக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் வளர்ந்தவர். ‘எங்கயாவது தண்ணி இருக்கிற இடமா பாரேன்’ என்று ஒருநாள் சொன்னார். அதனால்தான் ஃபிளாரிடா. கணவருக்கு விடுமுறையிலும் வேலை இருந்ததால் அப்பா, நான், பதினொரு வயது மகன் மூவரும் கிளம்பினோம்.

தெற்கு ஜார்ஜியாவில் சாலையோரம் ஒரு பெரியவர் இரண்டு அண்டாக்களில் கடலை அவித்துக்கொண்டிருந்தார். அப்பா காரை நிறுத்தச் சொன்னார். ‘இவங்களுக்கும் இது தெரியுமா?’ என்று ஆச்சரியம். தோலோடு, உப்புத் தண்ணீரில், கையில் பிசுபிசுக்க நம் ஊர்க் கடலையேதான். ஒரு பை ஐந்து டாலர். ‘நானூத்தி இருபது ரூபா! அதுக்கு நம்ம ஊர்ல தள்ளுவண்டியோட குடுத்துடுவான்’ என்றார். சொல்லிவிட்டு முக்கால் பையை அவரே காலி செய்தார். விற்றவர் கூடுதலாக ஒரு கரண்டி அள்ளிப் போட்டு ‘தாத்தாவுக்கு’ என்றார். அப்பாவுக்குப் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

ராத்திரி மோட்டலில் உட்கார்ந்து மீன்பிடி உரிமம் வாங்கினேன். 65 வயதுக்கு மேல் வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பி அப்பாவுக்கு வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அந்தச் சலுகை ஃபிளாரிடாவாசிகளுக்கு மட்டும்தானாம். வெளியூர்க்காரர்களுக்கு உப்புநீர் மீன்பிடி உரிமம் மூன்று நாளுக்கு 17 டாலர். பதினாறு வயதுக்குக் கீழே இலவசம், அதனால் பையன் தப்பித்தான். ‘தூண்டில் போடறதுக்கு லைசென்சா?’ என்று அப்பா பாதித் தூக்கத்தில் கேட்டார்.

நவம்பர் 28, வியாழன்: சேற்றில் இரண்டு மணி நேரம்

ஐ-95 நெடுஞ்சாலையில் 298ஆம் வெளிவழியில் இறங்கினால் ஃபேவர்-டைக்ஸ் மாநிலப் பூங்கா பக்கத்தில்தான். உள்ளே மண் சாலை. இருபுறமும் பைன், ஓக் மரங்கள், அவற்றிலிருந்து நரைத்த தாடி மாதிரி தொங்கும் பாசி. வாசலில் ஆள் கிடையாது. கார் ஒன்றுக்கு ஐந்து டாலரை உறையில் வைத்துப் பெட்டியில் போட வேண்டும். என்னிடம் ஐந்து டாலர் தாள் இல்லை, பத்தைப் போட்டேன். பார்ப்பதற்கு யாரும் இல்லாத இடத்தில் ஏன் பத்து என்று பையன் கேட்டான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார்.

பூங்காவை ஒட்டி ஓடுவது பெல்லிசர் ஓடை. ஓடை என்று பெயர்தான், கீழே போகப் போக நல்ல அகலம். பிரான்சிஸ்கோ பெல்லிசர் என்ற, மத்தியதரைக் கடலின் மினோர்கா தீவுக்காரரின் பெயர் அது. அவர் கதை வெள்ளிக்கிழமை சூப்போடு வரும்.

முதல் நாளே டவுனில் இரண்டு கயாக் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒன்று இரண்டு பேர் உட்காரக்கூடியது, இன்னொன்று ஒற்றை. நானும் அப்பாவும் இரட்டையில், பையன் ஒற்றையில் என்பது என் திட்டம். ‘எனக்குத் தனியா குடு’ என்றார் அப்பா. அறுபத்தெட்டு வயது. உயிர் காக்கும் அங்கியை மாட்டிக்கொண்டு, வேட்டி கட்டுகிற மாதிரி அதன் வாரை இறுக்கி இழுத்துக் கட்டிக்கொண்டார்.

கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் போனில் பார்த்து வைத்திருந்தேன். ஏற்றம் காலை ஏழு மணியை ஒட்டி, வற்றம் ஒரு மணியை ஒட்டி. வற்றத்தோடு கீழே போய், ஒரு மணிக்குத் தண்ணீர் திரும்பும்போது அதன் கூடவே மேலே வந்துவிடலாம், துடுப்புப் போடும் வேலையே இருக்காது என்று இருவருக்கும் பெருமையாக விளக்கினேன். அப்போது மணி எட்டரை. அப்பா படகுத்துறைக் கம்பத்தில் ஈரம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். தண்ணீரில் மிதந்த ஒரு ஓக் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

‘இன்னும் ஏறிட்டுதான் இருக்கு பாப்பா.’

‘போன்ல ஏழு மணின்னு போட்டிருக்குப்பா.’

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

போகும்போது எல்லாம் சுகம். காற்று இல்லை, இருபத்தைந்து டிகிரி இருக்கும். இருபுறமும் ஆள் உயரத்துக்கு உப்புப்புல். மடவை மீன்கள் நம் பக்கத்திலேயே துள்ளித் துள்ளி விழுந்தன. இங்கே மல்லட் என்கிறார்கள், நம் கடற்கரையிலும் இருக்கிற அதே மீன். ஒன்று பையனின் துடுப்பில் மோதிவிட்டுப் போனது. விரால் அடிப்பான் பருந்து ஒன்று காலில் மீனோடு தலைக்கு மேல் கடந்தது, மீனின் தலை முன்பக்கம் இருக்கும்படி பிடித்திருந்தது. கொசுவை விடச் சின்னதாக, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி மட்டும் காது மடலைத் தேடித் தேடிக் கடித்தது. பொட்டு அளவு உயிருக்கு அவ்வளவு அரிப்பா!

புல்லுக்கு நடுவில் ஒரு செடியைப் பார்த்து அப்பா படகை நிறுத்தினார். சுற்றிலும் சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மூச்சு வேர்கள். ‘இது நம்ம வெண்கண்டல்!’ என்றார். பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரை ஏமாற்ற முடியாது. இங்கே இதற்குக் கறுப்பு மாங்குரோவ் என்று பெயர். இரண்டும் அவிசென்னியா பேரினம், பங்காளிகள். கடுங்குளிர் அடிக்கும் வருஷங்கள் குறைந்துகொண்டே வருவதால் இவை ஃபிளாரிடாவின் இந்த வடக்குப் பகுதி வரை ஏறி வந்து, புல் இருந்த இடத்தைப் பிடிக்கின்றன. பனி விழுந்தால் கருகுமாம். அப்பா ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்து ‘அதே உப்பு’ என்றார்.

பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பினோம். ஒரு மணி ஆனது, தண்ணீர் திரும்பவில்லை. ஒன்றேகாலுக்கும் கீழே நோக்கித்தான் ஓடியது, முன்பை விட வேகமாக. பத்துத் தடவை துடுப்புப் போட்டால் அதே புதர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். பையன் முன்னால் உட்கார்ந்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அழத் தயாராக இருந்தான். ‘கரையை ஒட்டி வா, அங்க இழுப்பு கம்மி’ என்று அப்பா கத்தினார். நான் கரையை மட்டும் ஒட்டவில்லை, வளைவில் குறுக்கு வழியும் பார்த்தேன். கர்ர்ர் என்று அடியில் ஒரு சத்தம். சிப்பித் திட்டு. பின்னால் போகலாம் என்றால் பின்னாலும் சேறு. ஐந்து நிமிஷத்தில் எங்களைச் சுற்றி இருந்த தண்ணீர் எங்கேயோ போய்விட்டது.

இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை வைத்தேன். முழங்கால் வரை போனது. அழுகின முட்டை வாசம். காலை உருவினேன், கால் மட்டும்தான் வந்தது. வலது கால் குரோக்ஸ் செருப்பு இன்னும் பெல்லிசர் ஓடையின் அடியில்தான் இருக்கிறது. ‘வெறுங்காலை வைக்காத, சிப்பி பிளேடு மாதிரி அறுக்கும்’ என்று அப்பா இன்னும் ஆழம் இருந்த பக்கத்திலிருந்து சொன்னார். பிறகு, எங்களைத் தனியாக விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தன் படகையும் பக்கத்துச் சேற்றில் ஏற்றி நிறுத்திக்கொண்டார்.

மணி ஒன்றே முக்கால். எலுமிச்சை சாதம் இருந்தது. சேறு வாசத்தோடு சாப்பிட்டோம். தண்ணீர் வடிந்த இடமெல்லாம் நூற்றுக்கணக்கில் குட்டி நண்டுகள், ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பை விடப் பெரிது. அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டன. பையன் அழுகையை மறந்து எண்ண ஆரம்பித்தான்.

தட்டையான அலுமினியப் படகில் ஒருவர் வந்தார். வீச்சு வலையும் ஒரு வாளி மடவையும் வைத்திருந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, கிட்டே வந்தால் தானும் மாட்டிக்கொள்வேன் என்று தூரத்திலேயே நின்று தண்ணீர் இருக்கிறதா, யாருக்காவது அடியா, போன் வேலை செய்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிப் போட்டார். நான் அட்டவணைக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி சொல்லவேண்டும். ‘முகத்துவாரத்துக் கணக்கைப் பாத்திருக்கீங்க மேம். இங்க அதோட ரெண்டு மணி நேரம் கூட்டிக்கணும். எல்லாரும் ஒரு தடவை இப்படி உக்காருவாங்க’ என்றார்.

யோசித்தால் எளிய விஷயம்தான். கடல்நீர் மடான்சஸ் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, மடான்சஸ் ஆற்றில் தெற்கே ஏறி, அப்புறம் இந்த ஓடைக்குள் திரும்பி, இத்தனை வளைவுகளையும் கடந்து பூங்காவுக்கு வரவேண்டும். கடலோரத்தில் வற்றம் முடிந்த நேரத்தில் இங்கே இன்னும் இரண்டு மணி நேர வற்றம் பாக்கி. போன் தானாகவே கடலோர இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது, நான் பெயரைக்கூடப் படிக்கவில்லை.

‘என்ன சொல்றாரு?’ என்றார் அப்பா. சொன்னேன். ‘ம்’ என்றார். ‘அமாவாசை வேற வருது, வத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கும்’ என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். காலையில் அந்த ஓக் இலையைப் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் உறுத்தியது.

சும்மா இருக்கவேண்டாம் என்று அவர் தூண்டிலை எடுத்தார். கடையில் வாங்கிய சுழல் தூண்டில் அவருக்குப் பிடிபடவில்லை. தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, உயிர் இறால் ஒன்றைக் கோத்து (ஒரு டஜன் ஆறு டாலர், ‘இதை நாமளே சாப்பிடலாம்’), எஞ்சியிருந்த வாய்க்காலுக்குள் எறிந்தார். ஆள்காட்டி விரல் மேல் நரம்பு. கண் வேறெங்கோ. பத்து நிமிஷம் கழித்து அந்த விரல் மட்டும் லேசாக வளைந்தது. இழுக்கவில்லை, காத்திருந்தார். மறுபடி வளைந்தது. அப்போது ஒரு சுண்டு.

மீன் வெளியே வந்ததும் கர் கர் என்று கத்தியது. ‘டேய் தம்பி, இது கத்தாழை சாதிடா!’ என்று அப்பா கத்தினார். வாலடியில் மையிட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. ரெட்ஃபிஷ் என்பார்கள், உண்மையில் கத்தாழைக் குடும்பம்தான். பையன் அளவுகோலைப் பிடித்தான். பதினாறரை அங்குலம். சட்டப்படி பதினெட்டிலிருந்து இருபத்தேழு அங்குலம் வரை இருந்தால்தான் எடுத்துப் போகலாம், சின்னதும் கூடாது, ரொம்பப் பெரிசும் கூடாது. ‘வாலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாரு’ என்றார் அப்பா. பையன் இழுத்துப் பார்த்தான். பதினாறரைதான். யாரும் பார்க்காத இடம்தான். அப்பா என்ன செய்வார் என்று எனக்கே சந்தேகம் இருந்தது. அவர் மீனைக் கையில் ஈரத்தோடு பிடித்து, தலை எதிர்நீரில் இருக்கும்படி வைத்து, அதுவாக நழுவும் வரை காத்திருந்தார்.

மூணே முக்காலுக்குப் படகு அசைந்தது. அதற்குப் பிறகு தண்ணீரே எங்களை மேலே தள்ளிக்கொண்டு வந்தது. பூங்கா சூரியன் மறைந்தால் மூடிவிடும். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது துறை சேர்ந்தோம். ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு பெட்ரோல் பங்க் சாண்ட்விச்சும் மிச்சக் கடலையும்.

நவம்பர் 29, வெள்ளி: குளிர்காற்று, மிளகாய்

ராத்திரியோடு ராத்திரியாக வடக்கிலிருந்து காற்று திரும்பிவிட்டது. நேற்று அரைக்கை, இன்று இரண்டு ஸ்வெட்டர். ஓடையில் நுரை பறந்தது, படகு இறக்கவில்லை.

மடான்சஸ் கோட்டையைக் கரையிலிருந்தே பார்த்தோம். 1740-42இல் ஸ்பெயின்காரர்கள் கட்டியது. முகத்துவாரம் வழியாகப் பின்பக்கமாக யாரும் செயின்ட் அகஸ்டினுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. கல்லே கிளிஞ்சல் இறுகிப் போன கல், கொக்கினா என்கிறார்கள். மடான்சஸ் என்றால் படுகொலைகள் என்று அர்த்தம். 1565இல் புயலில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பிரெஞ்சுக்காரர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களை ஸ்பெயின் படை இங்கேதான் வெட்டியது. இவ்வளவு அழகான தண்ணீருக்கு இப்படி ஒரு பெயர். அப்பா கோட்டையை விட முகத்துவாரத்தையே அதிகம் பார்த்தார். கல் கொட்டி அடைக்காமல் இயற்கையாக விட்டிருக்கிறார்கள், மணல் திட்டு தன் இஷ்டத்துக்கு இடம் மாறுகிறது.

மதியம் ஒரு சின்ன உணவகத்தில் மினோர்கா கிளாம் சவுடர், அதாவது மட்டிச் சூப். கிண்ணம் எட்டு டாலர். சவுடர் என்றால் வெள்ளையாக, கஞ்சி மாதிரி, சப்பென்று இருக்கும் என்று பயந்திருந்தோம். வந்தது சிவப்பு. தக்காளி, உருளைக்கிழங்கு, மட்டி, அப்புறம் டாட்டில் என்ற மிளகாய். இந்த ஊரின் சொந்த மிளகாய் அது. மஞ்சள் நிறம், ஹபனேரோ என்ற கடும் மிளகாய் அளவுக்குக் காரம், ஆனால் முதலில் ஒரு பழ வாசனை வரும். பரிமாறிய பெண் எங்களைப் பார்த்து ‘கொஞ்சம் காரமா இருக்கும், பரவாயில்லையா?’ என்று கவலையோடு கேட்டார். அப்பா மேஜையில் இருந்த டாட்டில் சாஸை எடுத்து மேலும் ஊற்றிக்கொண்டார். அந்தப் பெண் சமையலறையிலிருந்து இன்னொருவரைக் கூட்டி வந்து காட்டினார்.

மினோர்காக்காரர்கள் 1768இல் தெற்கே நியூ ஸ்மிர்னாவில் அவுரித் தோட்ட வேலைக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். பசியும் காய்ச்சலும் தாங்காமல், 1777இல் மிஞ்சியவர்கள் நடந்தே செயின்ட் அகஸ்டினுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவர்தான் நம் ஓடைக்குப் பெயர் கொடுத்த பெல்லிசர். அவுரித் தோட்டம், கூலிக்காரர்கள், கப்பல். ‘நம்ம கதைதான்’ என்றார் அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டே. காரத்தில்தான்.

சாயங்காலம் பூங்காக் கரையில் ஒரு மணி நேரம் தூண்டில் போட்டோம். பையனுக்கு ஒரு தட்டை மீன் மாட்டியது, ஃபிளௌண்டர். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். பதினைந்து அங்குலம், பதினான்கு இருந்தால் போதும். அவன் குதித்த குதியில் வாளி கவிழ்ந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி தயங்கித் தயங்கி வந்து, அக்டோபர் 15 முதல் நவம்பர் 30 வரை அந்த மீன் பிடிக்கத் தடை என்று, தானே தப்பு செய்த மாதிரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொன்னார். இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. ‘ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கலாமா?’ என்று தாத்தாவும் பேரனும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

நவம்பர் 30, சனி: மேலே

காலையில் ஐந்து டிகிரி. காற்று விட்டிருந்தது. இந்தத் தடவை நான் போனைத் திறக்கவில்லை. அப்பா துறையில் ஒரு குச்சியை நட்டுவைத்து, ஒரு காபி குடித்து முடித்து, குச்சியைப் பார்த்தார். ‘ஏறுது. இன்னும் ஒன்றரை மணி நேரம் ஏறும். மேல போலாம்.’

கீழே போனதற்கும் மேலே போனதற்கும் சம்பந்தமே இல்லை. புல்வெளி முடிந்து மரங்கள் நெருங்கி வந்தன. தண்ணீர் கறுத்தது, இலைச்சாறு இறங்கி, வடிகட்டின காபி டிகாக்‌ஷன் நிறம். ஆனால் கையில் அள்ளினால் தெளிவு. பையன் நாக்கில் வைத்துப் பார்த்து உப்பு குறைந்துகொண்டே வருவதை ஒவ்வொரு வளைவிலும் அறிவித்தான். வெயில் பட்ட ஒரு கரையில் ஒரு கட்டை கிடந்தது. ‘அது கட்டைதானே?’ என்றேன். அப்பா பதில் சொல்லாமல் துடுப்பைச் சத்தமில்லாமல் மறுகரைப் பக்கம் திருப்பினார். முதலை. எட்டடியாவது இருக்கும். குளிரில் அது எங்களைச் சட்டை செய்யவில்லை.

பத்து மணிக்குத் தண்ணீர் நின்றது. நின்றது என்றால் நிஜமாகவே நின்றது. இலைகள் அப்படியே கிடந்தன. ஒரு சிறு கிளையோடை சேரும் இடத்தில் அப்பா நரம்பை எறிந்தார். தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் அந்தக் கிளையிலிருந்து சின்ன இறால்கள் வெளியே வரும், வாயிலேயே பெரிசு காத்திருக்கும் என்றார். கால் மணி நேரத்தில் விரல் வளைந்தது.

பத்தொன்பதே கால் அங்குலம். பையன் மூன்று முறை அளந்தான். தலையும் வாலும் அப்படியே முழுசாகக் கரைக்குக் கொண்டுவரவேண்டும் என்பதும் விதி, படகிலேயே வெட்டக் கூடாது. ஐஸ் மூன்று டாலர். மோட்டல் அறையை அதற்குள் காலி செய்திருந்தோம், சமைக்க இடம் இல்லை. எனவே ஆறு மணி நேரமும் அந்த மீன் பின்சீட்டில் பையனுக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது. கடலைக்காரரைத் தேடினோம், இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு அட்லாண்டா வீட்டில் புளி கரைத்தேன். அப்பாவே செதில் உரசி, துண்டு போட்டு, வாங்கி வந்த டாட்டில் மிளகாய் இரண்டைக் கீறிக் குழம்பில் போட்டார். கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் தேடி ஓடினார். அப்பா நிதானமாக ஒரு துண்டை முள் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, ‘கத்தாழை ருசி இல்ல’ என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை நீட்டி, ‘தலையை இப்படி வை’ என்றார்.